முகநூல் கவிதை யாருக்கு மருந்து?

"கவிதை எழுதி சாதியை ஒழிச்சிடுவீங்களா?"

நம் பிள்ளைகள் யாராவது முகநூலில் நாலு வரி எழுதிப் போட்டால் பின்னூட்டத்தில் முதலில் வந்து நிற்கும் கேள்வி இது. கேட்பவர்களில் சாதி வெறியர்கள் உண்டு. நம் தோழர்களும் உண்டு. களத்துக்கு வராமல் கைப்பேசியில் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று மூத்தவர்கள் சலித்துக்கொள்வதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

இவர்களுக்கு நேர் எதிரே இன்னொரு தரப்பு இருக்கிறது. கவிதை மனதை ஆற்றும், வலியை எழுதுங்கள், பகிருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று பூப்படத்தின் மேல் எழுத்துகளைப் போட்டுத் தினமும் காலையில் அனுப்புகிறவர்கள். இவர்களுடைய உலகத்தில் வலி இருக்கிறது, வலியைக் கொடுத்தவன் மட்டும் இல்லை.

இரண்டு தரப்போடும் எனக்கு வழக்கு இருக்கிறது. சமூக ஊடகத்தில் பகிரப்படும் கவிதைக்கு ஆற்றும் சக்தி உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சக்தி எழுத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, படிக்கிற நாம் அடுத்து என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைச் செய்யாமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலை பெரியது. அதைப் பேசத்தான் இந்தப் பதிவு.

காயம் எப்படிப்பட்டது

சாதி தரும் காயத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது பட்டவரையே சந்தேகப்பட வைக்கும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஒருவன் "உன் கட் ஆஃப் எவ்வளவு?" என்று கேட்கிறான். சாதாரணக் கேள்விதானே? கேட்டபோது அவன் முகத்தில் ஓடிய சிரிப்பை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று விடுதியில் கேட்கிறார்கள். பதில் சொன்னபிறகு தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து உட்காருகிறார்கள். உதவித்தொகை ஏன் வரவில்லை என்று அலுவலகத்தில் கேட்கப் போனால், வரிசையில் நிற்கும் எல்லார் காதிலும் விழும்படி "எஸ்சி ஸ்காலர்ஷிப்பா? அந்தப் பக்கம் நில்லுங்க" என்கிறார்கள். ஆய்வு வழிகாட்டி மற்றவர்களின் அத்தியாயத்தை ஒரு வாரத்தில் படித்துத் தருகிறார். உன்னுடையது மூன்று மாதம் அவர் மேசையில் கிடக்கிறது.

இதில் எதையும் ஒரு புகார்க் கடிதத்தில் முழுதாக எழுதிவிட முடியாது. "என்னப்பா நடந்துச்சு?" என்று யாராவது கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வாயில் வரும். எழுதினால் அற்பமாகத் தெரியும். எழுதாவிட்டால் உள்ளே இருந்து அரிக்கும். ஒருவேளை நான்தான் அதிகமாக எடுத்துக்கொள்கிறேனோ, எனக்குத்தான் தகுதி இல்லையோ என்ற எண்ணம் வரும். சாதி ஒரு மனிதனைத் தனியாக்கும் இடம் அதுதான். அடித்தவன் போய்விடுவான். அடிபட்டவர் தன்னையே விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கவிதை வேலை செய்வது இந்த இடத்தில். புகார்க் கடிதத்தில் அடங்காத அந்தச் சிரிப்பை, அந்தத் தட்டு நகர்ந்த ஓசையைக் கவிதை பிடித்துவிடும். வேறு மாவட்டத்தில், வேறு கல்லூரியில், முகம் தெரியாத ஒருத்தி அதை எழுதியிருப்பாள். இரவு ஒரு மணிக்கு விடுதி அறையில் போர்வைக்குள் கைப்பேசியில் அதைப் படிக்கிறவனுக்கு, "இது எனக்கு மட்டும் நடக்கவில்லை" என்று தெரிகிறது. அந்த ஒரு நொடியில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள் மாறுகிறார். அதுவரை அவன் தன்னை விசாரித்துக்கொண்டிருந்தான். இப்போது தன்னை அவமதித்தவனை விசாரிக்கத் தொடங்குகிறான்.

எழுதுவதால் உடலும் மனமும் தேறும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான அனுபவத்தைப் பற்றி 4 நாட்கள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். வலியை எழுதியவர்கள், குறிப்பாக நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை இன்னும் மோசமாகத்தான் இருந்தது. காயத்தைத் திறந்தால் முதலில் வலிக்கும், ஆறுவது பிறகு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். பிறகு வந்த பல ஆய்வுகள் இந்தப் பலன் உண்டு, ஆனால் அளவில் சிறியது என்கின்றன. இன்னொன்று, அந்த மாணவர்கள் எழுதியதை யாரும் முகநூலில் போடவில்லை. அவர்களுக்கு லைக்கும் விழவில்லை, வசவும் விழவில்லை. பகிர்தல் என்பது எழுதுதலிலிருந்து வேறான காரியம். அதன் பலனும் ஆபத்தும் வேறு.

நமக்கு இது புதிதா?

பகிர்ந்து ஆறுவது நம் மக்களுக்குக் கைப்பேசி கற்றுக்கொடுத்த வித்தை இல்லை. ஒப்பாரியைப் பாருங்கள். எழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். செத்தவருக்காக அழ வந்தவள் தன் வீட்டுச் சாவை, தன் புருஷன் அடித்த அடியை, கூலி தராமல் ஏய்த்த பண்ணையாரையும் அதில் சேர்த்து அழுதுவிட்டுத்தான் எழுந்து போவாள். யாரும் "உன் கதையை ஏன் இங்கே சொல்கிறாய்?" என்று கேட்க மாட்டார்கள். துக்கத்தைத் தனியாகச் சுமக்க விடக் கூடாது என்கிற அறிவு அது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது. நீதி கிடைக்காத அந்தத் துக்கம் எங்கே போயிற்று? இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டுக்குள் போயிற்று. கே.ஏ. குணசேகரனின் குரலில் அது ஊர் ஊராகச் சென்றது. அன்றைக்கு ஷேர் பட்டன் கிடையாது. ஆனால் ஒரு கூட்டத்தில் கேட்டவர் அடுத்த ஊரில் பாடினார். அழவும் வைத்தது, முதுகை நிமிரவும் வைத்தது. இரண்டையும் ஒரே பாட்டு செய்தது.

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. உள்ளே பட்ட காயங்களை ஆற்றிக்கொள்ளவே அதை எழுதியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தனக்கு மருந்தாக எழுதியது ஒரு தலைமுறைக்கே பேச்சைத் திறந்துவிட்டது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 90-களில் தமிழில் எழுந்த தலித் இலக்கியம் சிற்றிதழ்களில்தான் வளர்ந்தது. நல்ல எழுத்துகள் வந்தன. ஆனால் அந்த இதழ்கள் கிராமத்து விடுதி மாணவன் கைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. பலருக்கு வந்து சேரவே இல்லை.

வாசலில் காவல் நிற்பது யார் என்பது எப்போதும் நம் பிரச்சினை. பாபாசாகேப் 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம் என்று சொல்லியும் அதன் விளம்பரத்தைப் போட திலகரின் 'கேசரி' மறுத்தது. அதற்கு முன்பே 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே ஓர் இதழ் தொடங்கினார். எந்தச் சொல்லைக் கேட்டால் தலை குனிய வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததோ, அந்தச் சொல்லை இதழின் நெற்றியில் அச்சடித்தார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். காசு இல்லாதபோதும், ஆள் இல்லாதபோதும் நம் முன்னோர்கள் சொந்தப் பத்திரிகைக்காக உயிரைக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அடுத்தவர் பத்திரிகையில் நம் வலிக்கு இடம் இல்லை.

கைப்பேசி அந்த வாசலை ஓரளவு உடைத்திருக்கிறது. ஆசிரியர் குழுவின் சம்மதம் இல்லாமல் ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் எழுதியது இன்றைக்கு ஆயிரம் பேரைச் சேர்கிறது. இதைச் சின்ன விஷயமாகப் பேசுகிறவர்கள், வாசல் எப்போதும் திறந்திருந்த வீட்டில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை எடுத்துவிட்டது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் நீக்கப்பட்டது. வகுப்பறையிலிருந்து எடுத்த அந்தக் கவிதைகளை அதே வாரத்தில் மாணவர்கள் தங்கள் பக்கங்களில் பகிர்ந்தார்கள். பாடத்திட்டம் மறைத்ததைப் பகிர்தல் மீட்டது. பிறகு 2023-ல் சுகிர்தராணி தனக்கு அறிவிக்கப்பட்ட ஒரு விருதை, அதன் முதன்மைப் புரவலர் அதானி நிறுவனம் என்பதால் மறுத்தார். கவிதை எழுதுகிறவர் களத்துக்கு வரமாட்டார் என்று சொல்கிறவர்களுக்கு இதுவே போதும்.

பிரம்மபுத்திரா கரையிலிருந்து ஒரு பாடம்

சமூக ஊடகக் கவிதை ஒரு மக்கள் கூட்டத்தை எப்படி ஆற்றும் என்பதற்கு எனக்குத் தெரிந்து சிறந்த உதாரணம் அசாமில் இருக்கிறது. அங்கே பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளில் வாழும் வங்காள வம்சாவளி முஸ்லிம்களை 'மியா' என்று அழைப்பார்கள். உருதுவில் அது மரியாதைச் சொல். அசாமின் தெருக்களில் அது வசவு. வந்தேறி, அந்நியன், சந்தேகத்துக்குரியவன் என்ற எல்லா அர்த்தமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

2016 ஏப்ரலில் ஹபீஸ் அகமது தன் முகநூல் பக்கத்தில் ஒரு கவிதை போட்டார். பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் 'அடையாள அட்டை' கவிதையின் தாக்கம் கொண்டது. ஆம், நான் மியாதான், குறித்துக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் பேசியது. அதற்குப் பதிலாக ஷலீம் உசைன் ஒரு கவிதை எழுதினார். அந்தப் பதிலுக்கு இன்னொருவர் பதில் எழுதினார். ரெஹ்னா சுல்தானா போன்ற பெண்கள் எழுதினார்கள். சிலர் ஆங்கிலத்தில், சிலர் அசாமியில், பலர் வீட்டில் பேசுகிற, எழுத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட தங்கள் சொந்த வழக்கில். கவிதைக்குக் கவிதையாகப் பதில் வந்துகொண்டே இருந்தது. 'மியா கவிதை' என்று ஒரு இயக்கமே உருவாயிற்று.

இங்கே ஆற்றியது எது? ஹபீஸ் அகமதுவின் முதல் கவிதை மட்டும் இல்லை. அதற்கு வந்த பதில் கவிதைகள். ஒருவர் வசவுச் சொல்லை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டால் அது துணிச்சல். நூறு பேர் போட்டுக்கொண்டால் அந்தச் சொல்லின் விஷம் இறங்க ஆரம்பிக்கும். 1893-ல் இரட்டைமலையார் செய்ததும் இதைத்தான். ஒப்பாரியில் எடுத்துக்கொடுப்பவளும் வாங்கிப் பாடுகிறவர்களும் செய்வதும் இதைத்தான்.

அதற்கு என்ன பதில் வந்தது என்பதும் தெரிய வேண்டும். தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வருவதற்கு ஏழு வாரங்களுக்கு முன், 2019 ஜூலையில், இந்தக் கவிதை தொடர்பாக 10 பேர் மேல் குவாஹாட்டியில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அசாமியர்களை உலகத்தின் முன் இழிவுபடுத்துகிறார்களாம். கவிஞர்கள் முன்ஜாமீனுக்கு அலைந்தார்கள். அந்த ஆகஸ்ட் 31-ல் வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் இல்லை. கவிதை பதிவேட்டை நிறுத்தவில்லை. நிறுத்தும் என்று எழுதியவர்களும் நினைக்கவில்லை. ஆனால் வெறும் புலம்பலாக இருந்திருந்தால் காவல் நிலையம் வரை அது போயிருக்காது.

இன்னொன்று. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் கங்கையில் பிணங்கள் மிதந்தன. குஜராத்தின் பாருல் கக்கர் 14 வரியில் ஒரு கவிதை எழுதி முகநூலில் போட்டார். அதுவரை அவரை யாரும் அரசியல் கவிஞர் என்று சொன்னதில்லை. கொஞ்ச நாளில் தமிழ் உட்படப் பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. ஏன் அவ்வளவு வேகம்? அந்த நாட்களில் நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் சாவு. முகம் பார்க்க முடியவில்லை, ஒப்பாரி வைக்க முடியவில்லை, எழவுக்குப் போக முடியவில்லை. சாவைக் குறைத்தே அரசு கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நடந்தது உண்மைதான், உன் துக்கம் உண்மைதான் என்று அந்த 14 வரி சொன்னது. அதற்காக அந்தப் பெண்மணி மேல் கொட்டிய வசவு கொஞ்சமில்லை. குஜராத் சாகித்திய அகாதமியின் இதழ் ஜூன் மாதத் தலையங்கத்தில் அந்தக் கவிதையைப் பரப்புகிறவர்களை 'இலக்கிய நக்சல்கள்' என்றது.

துக்கத்தை மறைக்கிற அதிகாரத்துக்கு, துக்கத்தைப் பகிர்கிற கவிதை எதிரியாகத் தெரிகிறது. "கவிதை எழுதி என்ன ஆகும்?" என்று கேட்கிறவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும்.

மருந்து வேலை செய்யாத இடம்

இனி கசப்பான பகுதி.

ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17-ல் நம்மைவிட்டுப் போனார். அவருடைய கடைசிக் கடிதம் இந்தியா முழுக்கக் கவிதை போலப் பகிரப்பட்டது. வரிகளைப் பிரித்து, படம் சேர்த்து, பின்னணி இசை போட்டுப் பகிர்ந்தார்கள். ஆனால் ரோகித் அந்த ஒரு கடிதம் மட்டும் எழுதியவர் இல்லை. பல ஆண்டுகள் முகநூலில் எழுதிக்கொண்டே இருந்தார். அரசியல், அறிவியல், அம்பேத்கர், நண்பர்கள், பல்கலைக்கழகம் என்று எல்லாம் எழுதினார். அந்தப் பதிவுகள் அவர் இறந்த பிறகு தனிப் புத்தகமாகவே வந்தன. கடிதத்தைப் பகிர்ந்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்த ரோகித்தின் பதிவைப் படித்தார்கள்?

சேலத்திலிருந்து ஜேஎன்யூவுக்குப் போன முத்துக்கிருஷ்ணனும் தன் வாழ்க்கையை முகநூலில் கதை கதையாக எழுதிக்கொண்டிருந்தார். நகைச்சுவையும் வலியும் கலந்த எழுத்து. சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றி எழுதினார். 2017 மார்ச்சில் அவரையும் இழந்தோம்.

"எழுதுங்கள், ஆறிவிடும்" என்று பூப்படம் அனுப்புகிறவர்கள் இந்த இருவரையும் பற்றி என்ன சொல்வார்கள்? இவர்கள் எழுதாமலா இருந்தார்கள்? எழுத்து அவர்களைக் கைவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை நாள் தாங்கவைத்ததில் எழுத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்ட மாணவருக்குக் கவிதை மருந்தாகாது. அவருக்கு உதவித்தொகையும் அறைச் சாவியும்தான் மருந்து. ரோகித்தின் அம்மா ராதிகா வெமுலாவும், மும்பையில் 2019 மே மாதம் இறந்த மருத்துவ மாணவி பாயல் தத்வியின் அம்மா அபேதா தத்வியும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் கொண்டுவந்த விதிகளை ஒழுங்காக அமல்படுத்து என்று கேட்டார்கள். மகனை, மகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஆறுதல் கேட்கவில்லை, விதியை அமல்படுத்தக் கேட்டார்கள். இதை மறந்துவிட்டுக் கவிதையின் ஆற்றும் சக்தியைப் பேசக் கூடாது.

இன்னொரு தீமையும் இங்கே நடக்கிறது. சமூக ஊடகத்துக்கு நம் வலி பிடிக்கும். நாம் சிரித்த படத்துக்கு 20 லைக், அழுத கவிதைக்கு 2,000. சில மாதங்களில் எழுதுகிற பிள்ளைக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும்: புண்ணைக் காட்டினால்தான் கூட்டம் வரும். ஆறிக்கொண்டிருக்கிற புண்ணையும் சொறிந்து காட்ட வேண்டியதாகிறது. முற்போக்கான ஆதிக்க சாதி நண்பர்கள் வந்து "கலங்கிவிட்டேன் தோழர்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் மனம் சுத்தமாகிவிடும். எழுதியவருக்கு என்ன கிடைத்தது? அதே நாளில் அவருடைய துறையில் காலியாக இருக்கும் இடஒதுக்கீட்டுப் பணியிடத்தைப் பற்றிப் பதிவு போட்டால், கலங்கிய அந்தக் கண்கள் ஒன்றையும் அங்கே காண முடியாது.

கூடவே, அதே கைப்பேசியில், அதே ஆப்பில், அரிவாளோடு ஆண்ட பரம்பரை ரீல்ஸும் ஓடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் கயிறு, பொட்டு எல்லாவற்றையும் தடைசெய்யச் சொன்னது. கையில் இருக்கும் கயிற்றைக் கழற்றிவிடலாம். கைப்பேசிக்குள் இருக்கும் கயிற்றுக்கு என்ன வழி? நம் பிள்ளைகள் எழுதுகிற கவிதைகள் இந்த ரீல்ஸ் ஓடும் தெருவில்தான் நடந்துபோகின்றன. அது பாதுகாப்பான தெரு இல்லை என்று தெரிந்தே அவர்களை எழுதச் சொல்ல வேண்டும்.

படிக்கிறவர்கள் செய்ய வேண்டிய மீதிப் பாதி

மாணவத் தோழர்களுக்குச் சில விஷயங்களைக் கறாராகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இதயக்குறி போட்டுவிட்டு நகராதீர்கள். கவிதையில் ஒரு குரல் உடைகிறது என்று தெரிந்தால் இன்பாக்ஸில் போய்ப் பேசுங்கள். "அருமை" என்று சொல்ல வேண்டாம். "சாப்டியா? எங்க இருக்க?" என்று கேளுங்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போங்கள். முன்பு சொன்னேனே, காயத்தைத் திறந்து எழுதியவுடன் முதலில் வலி கூடும் என்று. பதிவு போட்ட அந்த இரவுதான் ஆள் துணை வேண்டிய இரவு. நிலைமை கையை மீறுகிறது என்று தோன்றினால் 14416, 104 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கும். அழைப்பது பலவீனம் இல்லை. அழைத்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

இரண்டாவது, கவிதைக்குள் ஒரு குற்றம் இருந்தால் அதைக் குற்றமாகப் படியுங்கள். உதவித்தொகை நிறுத்தம், விடுதியில் தனித்தட்டு, பேராசிரியரின் சாதிப் பேச்சு என்று எது வந்தாலும், எழுதியவர் விரும்பினால், தேதி போட்டு, சாட்சி சேர்த்து, மனுவாக மாற்ற உதவுங்கள். உங்கள் கல்லூரியில் சமவாய்ப்பு மையம் இருக்கிறதா, பாகுபாட்டுப் புகாரை வாங்கும் அலுவலர் யார் என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2012 விதிகளின்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மனு அதைப் பற்றியே இருக்கட்டும்.

மூன்றாவது, கவிதை எழுதியவரைச் சாதி சொல்லி இணையத்தில் திட்டினால் "பிளாக் பண்ணிட்டு போ" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணைப்பைச் சேமியுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். பொதுப்பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். இணையத்தில் செய்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. 14566 என்பது வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண்.

நான்காவது, கேட்காமல் எடுக்காதீர்கள். ஒரு பெண் தன் நண்பர்களுக்கு மட்டும் போட்ட கவிதையைப் பெயரோடு வெட்டி ஆயிரம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஆதரவு ஆகாது. அவர் வீட்டில், விடுதியில், வேலையிடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அவரைக் கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள். பெயர் வேண்டும் என்றால் விடாமல் போடுங்கள். நம் எழுத்தைப் பெயர் இல்லாமல் எடுத்துக்கொள்வது நாட்டில் பழைய வழக்கம்.

ஐந்தாவது, நம் கவிதைகளை அடுத்தவன் வீட்டுப் பரணில் மட்டும் வைக்காதீர்கள். முகநூலும் இன்ஸ்டாகிராமும் நம்முடையவை இல்லை. 2018-ல் ட்விட்டரின் தலைமை அதிகாரி இந்தியா வந்தபோது, பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்குவோம் என்ற பதாகையைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். தேன்மொழி சௌந்தரராஜன் உருவாக்கிய பதாகை அது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு படத்துக்கே இந்தக் கதி. நாளைக்கு உங்கள் கணக்கை முடக்கினால் உங்கள் ஐந்து வருட எழுத்து எங்கே இருக்கும்? பிரதி எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது நண்பர்கள் சேர்ந்து கையடக்கத் தொகுப்பாக அச்சடியுங்கள். மாதம் ஒரு நாள், மரத்தடியோ நூலகமோ மொட்டை மாடியோ, பத்துப் பேர் நேரில் உட்கார்ந்து வாசியுங்கள். திரையில் வாசித்தபோது தெரியாத கைநடுக்கம் நேரில் வாசிக்கும்போது தெரியும். அப்போது பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொடுவார். அதை எந்த ஆப்பும் செய்யாது.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வலியை மட்டும் எழுதக் கடமைப்பட்டவர்கள் இல்லை. பாட்டி வைத்த கருவாட்டுக் குழம்பை எழுதுங்கள். காதலை எழுதுங்கள். பறை அடிக்கும்போது தோளில் ஏறும் சூட்டை எழுதுங்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிய செருப்பை எழுதுங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது, கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து ஒரு கூட்டத்தையே ஆட வைத்தன. கோபம் இருந்தது, அதே அளவுக்குக் கொண்டாட்டமும் இருந்தது. நம்மை அழவைத்துப் பார்க்கிறவர்களுக்கு நம் சிரிப்பைப் பார்த்துப் பழக்கமில்லை. பழகட்டும்.

கவிதை சாதியை ஒழிக்காது. சாதியை ஒழிக்கப் போகிற ஆள் அதுவரை உடைந்துபோகாமல் இருக்க வேண்டுமே, அதற்குக் கவிதை உதவும். உதவுவது கவிதையோடு சேர்ந்த மனிதர்களும்தான். இன்று இரவும் யாரோ ஒருத்தர் நாலு வரி எழுதிப் போட்டிருப்பார். போய்ப் படியுங்கள். படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஜெய்பீம்.